நடவாத கதையைத் தேடி

கட்டாக் நகரத்தை விட்டு மகாநதிப் பாலத்தில் பேருந்து ஏறியபோது வெயில் இன்னும் உறைக்கவில்லை. 2024 டிசம்பர் முதல் வாரம். கீழே ஆறு பாதி மணலாகவும் பாதி நீராகவும் கிடந்தது. எனக்குப் பின்னிருக்கைகளில் 14 இளம் ஆய்வாளர்கள். இந்தியாவின் ஐந்தாறு மாநிலங்கள், நேபாளம், வங்கதேசம், இலங்கை என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் முப்பது வயதுக்குள். சுற்றுச்சூழல் பொருளியலில் இப்போதுதான் கால் வைத்திருப்பவர்கள். புவனேஸ்வரத்தில் ஒரு வாரம் காலை முதல் மாலை வரை வகுப்பு முடிந்து, நான்கு நாள் களப்பயணமாக கேந்திரபாடா மாவட்டத்துக்கு, பிதர்கனிகா அலையாத்திக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

சிதம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இந்தப் பயிற்சியில் இரண்டு நாள் பாடம் எடுக்க அழைத்திருந்தார்கள். மீதி நாட்களில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதில், இருபது வருடங்களாக நான் நெஞ்சோடு வைத்திருந்த ஒரு வாக்கியம் ஆட்டம் கண்டுவிட்டது. பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நான் எம்.ஏ. மாணவி. மூன்றாம் நாள் நிவாரணப் பொருட்களோடு கிள்ளைப் பக்கம் போனோம். கடலோரத் திட்டுகளில் இருந்த குப்பங்கள் துடைத்துப் போட்டது போல் கிடந்தன. பிச்சாவரம் காட்டுக்கு உள்பக்கம் இருந்த ஊர்களிலோ வீடுகள் நின்றன. அங்கே ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இந்தக் காடு மட்டும் இல்லன்னா நாங்க இல்லம்மா.” அந்த வாக்கியத்தை நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் பாடம் அதுதான். இயற்கையின் மதிப்பைப் பணத்தில் சொல்லத் தெரியாவிட்டாலும் உயிரில் சொல்லலாம் என்பேன்.

புவனேஸ்வரத்து வகுப்பின் மூன்றாம் நாள், பேராசிரியர் திரையில் எங்கள் கடற்கரையின் படத்தையே போட்டார். பறங்கிப்பேட்டையை ஒட்டிய 18 குப்பங்கள். அவற்றை வைத்து கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரு அறிஞர்கள் 2005-இல் எழுதிய கட்டுரை, கடலோரத் தாவரம் அடர்ந்திருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று காட்டியது. அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் கடலூர் மாவட்டத்தை வைத்து வேறொரு குழுவும் அலையாத்தியும் சவுக்கும் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று எழுதியது. உலகமே அதைப் படித்தது. ஆனால் 2006-இல் கெர், பெயர்ட், கேம்பெல் என்ற மூவர் அந்த 18 குப்பங்களின் விவரத்தையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன, மேட்டிலும் இருந்தன. தூரத்தையும் மேட்டையும் முதலில் கணக்கில் சேர்த்துவிட்டால், தாவரத்துக்கென்று தனியாகச் சொல்ல மிகக் கொஞ்சமே மிஞ்சுகிறது என்றார்கள்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். காடு நின்றது, ஊர் நின்றது. ஆனால் ஊர் நின்றது காட்டாலா, மேட்டாலா?

பேராசிரியர் அப்போது ஒரு சொல்லைக் கையாண்டார். ஒடியாவில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அதைத் தமிழில் ‘நடவாத கதை’ என்று எழுதிக்கொண்டேன். நடந்த கதை ஊரில் இருக்கிறது. போய்க் கேட்டால் யாரும் சொல்வார்கள். அதே ஊர், அதே அலை, அதே மக்கள், காடு மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கதை நடக்கவே இல்லை. அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. ஒரு திட்டம் பலன் தந்ததா என்று கேட்பவர் தேட வேண்டியது அந்த நடவாத கதையைத்தான். காடு, அணை, மானிய விலை அடுப்பு, பிளாஸ்டிக் தடை, எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான். அதைத் தேடும் முறைகளைச் சொல்லிக்கொடுப்பதற்கே இந்தப் பயிற்சி.

சாலிப்பூர் தாண்டி, கேந்திரபாடா தாண்டி, பட்டமுண்டாயில் தேநீருக்கு நிறுத்தினோம். வழிநெடுக நெல் அறுவடை. களத்தில் பெண்கள்தான் அதிகம். கடைக்காரரிடம் கேட்டபோது, ஆண்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை என்றார். இந்தப் பகுதி பிளம்பர்களுக்குப் பேர்போனது. இந்தியாவின் எந்தப் பெருநகரத்தில் அடுக்குமாடி எழும்பினாலும் தண்ணீர்க் குழாய் மாட்டும் கை கேந்திரபாடாவினுடையதாக இருக்கக்கூடும். பட்டமுண்டாயில் குழாய்த் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சி நிலையமும் உண்டு.

“இதைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்றார் பேராசிரியர், கையில் தேநீரோடு. “நாளைக்கு நீங்கள் வீடு வீடாகப் போவீர்கள். வீட்டில் இருப்பவர்களைத்தான் பார்ப்பீர்கள். புயலில் எல்லாம் இழந்து ஊரை விட்டே போனவர் உங்கள் தாளில் வரமாட்டார். செத்தவர் வரமாட்டார். தாங்கி நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இந்த ஊர் தாங்கி நின்றது என்று எழுதிவிடாதீர்கள்.” நேபாளத்துப் பையன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுதினான். அவன் ஊரிலும் பாதிப்பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்று பிறகு சொன்னான்.

ராஜ்நகர் வழியாக குப்தி படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது பகல் சாயத் தொடங்கியிருந்தது. பிராமணியும் பைதரணியும் கடலோடு கலக்கும் கழிமுகம் இது. உப்பங்கழிகள் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து ஓடுகின்றன. 1975-இல் 672 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமானது. அதற்குள் 145 சதுர கிலோமீட்டர் 1998-இல் தேசியப் பூங்காவானது. உவர்நீர் முதலைகளுக்கான பாதுகாப்புத் திட்டமும் 1975-இல்தான் தொடங்கியது. இன்று ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட முதலைகள் இந்தக் கழிகளில் உள்ளன. படகு கிளம்பிப் பத்து நிமிடத்தில் முதல் முதலையைப் பார்த்தோம். சேற்றுக் கரையில், அடித்துப் போட்ட பனைமரம் போல் கிடந்தது. படகின் சத்தம் நெருங்கியதும் அலுங்காமல் நீரில் இறங்கி மறைந்தது.

கரையில் நின்ற மரங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இலை பழுத்துச் சிவந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டி, என்ன பெயர் என்று படகுக்காரரிடம் கேட்டேன். “குவான்” என்றார். உடைத்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்று சைகையால் காட்டினார். நம்முடைய தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். ஊர்ப் பெயரில் மட்டும் நான் நாள்தோறும் உச்சரித்த மரம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு பெயரோடு வரிசையாக நின்றது.

என் பக்கத்தில் மட்டக்களப்புப் பெண் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்கு வந்தவர்களில் தமிழ் பேசும் ஒரே துணை. “நாங்க அலையாத்தி எண்டு சொல்றதில்ல மிஸ், கண்டல் எண்டுதான் சொல்லுவம்” என்றாள். “எங்கட வாவியைச் சுத்தி நிறைய இருந்தது. சுனாமி வந்த நேரம் எனக்கு அஞ்சு வயசு. கண்டல் நட்டா ஊரைக் காப்பாத்தலாம் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவங்க. அதை நிரூபிக்கத்தான் ஆராய்ச்சிக்கே வந்தனான்.” கொஞ்ச நேரம் நீரைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். “இப்ப, நிரூபிக்க வெளிக்கிட்டதே பிழையோ எண்டு யோசிக்கிறன்.”

அவளுக்கு என்ன பதில் சொல்வது? என் நெஞ்சிலும் அதே முள்தான் இருந்தது.

அன்றிரவு டாங்மாலில் தங்கினோம். வனத்துறை விடுதியின் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, பேராசிரியர் இந்தக் காட்டின் கதையைச் சொன்னார். 1999 அக்டோபர் 29. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட சூறாவளி பாரதீப் அருகே கரை கடந்தது. ஒடிசா மக்கள் அதை மகாபாத்யா என்கிறார்கள். பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின. எரசமாப் பகுதியில் ஊர் ஊராகச் செத்தார்கள். வடக்கே, இந்தக் காட்டை ஒட்டிய ஊர்களில் சாவு குறைவாக இருந்தது. காடு காப்பாற்றியது என்று ஊரே சொன்னது.

“எங்கே ஓட்டை?” என்றார் பேராசிரியர்.

வங்கதேசத்துப் பெண் உடனே சொன்னாள். புயல் கரை கடந்தது தெற்கே, காடு இருப்பது வடக்கே. எரசமாவில் எழுந்த அலை இங்கே எழவில்லை. அப்படியிருக்க, உயிர் பிழைத்தது காட்டாலா, தூரத்தாலா?

அந்த ஓட்டையை அடைக்க முயன்ற ஆய்வு ஒன்று உண்டு. சௌதாமினி தாஸ் செய்தது. அதன் கதை, இப்படிப்பட்ட பயிற்சிகளின் கதையும்கூட. 1990-களின் இறுதியில் காத்மாண்டுவைத் தலைமையிடமாகக் கொண்டு தெற்காசியாவுக்கென்று ஒரு வலையமைப்பு உருவானது. சுற்றுச்சூழல் பொருளியல் ஆய்வாளர்களை வளர்ப்பதே அதன் வேலை. சுருக்கமாக ‘சாண்டி’ என்பார்கள். பார்த்தா தாஸ்குப்தா, ஸ்வீடனின் கார்ல்-யோரான் மேலர் போன்ற பெரியவர்கள் அதன் பின்னால் நின்றார்கள். வேலைமுறை எளிமையானது. சிறிய கல்லூரியிலோ மாவட்டப் பல்கலைக்கழகத்திலோ இருக்கும் ஓர் இளம் ஆசிரியர் தன் ஊர்ப் பிரச்சினையை வைத்து ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்புவார். ஆண்டுக்கு இரண்டு முறை கூடும் பட்டறையில் அதை எல்லோர் முன்னிலும் வைப்பார். மூத்தவர்கள் கேள்வியால் துளைப்பார்கள். திருத்தி எழுதி மறுபடி வருவார், மறுபடியும் துளைப்பார்கள். தாங்கி நின்ற திட்டத்துக்குச் சிறிய நிதி. பிறகு களம், மறுபடி பட்டறை, மறுபடி கேள்வி. ஓர் ஆய்வு கட்டுரையாக வெளிவரச் சில ஆண்டுகள் ஆகும்.

தாஸ் அப்படி ஆதரவு பெற்றுத் தன் ஆய்வைச் செய்தார். எரசமாவை விட்டுவிட்டு, கேந்திரபாடா மாவட்டத்துக்குள் மட்டும் நின்றுகொண்டார். நூற்றுக்கணக்கான கிராமங்களை எடுத்தார். ஒவ்வோர் ஊருக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை அகலத்துக்குக் காடு நிற்கிறது என்று அளந்தார். கடலிலிருந்து தூரம், அங்கே எழுந்த அலையின் உயரம், நிலத்தின் தாழ்வு, கரைக்கட்டு, மக்களின் நிலைமை, எல்லாவற்றையும் கணக்கில் கொண்டார். முக்கியமான வேலை இன்னொன்று. 1944-இல் காடு எங்கெல்லாம் இருந்தது என்ற பழைய விவரத்தையும் தேடிச் சேர்த்தார். அன்று இந்த ஊர்களுக்கும் கடலுக்கும் நடுவே சராசரியாக ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குக் காடு இருந்தது. நெல் வயலுக்காக வெட்டி வெட்டி, 1999-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. காடு வளரவே முடியாத இடத்தில் காடு இல்லாததும், இருந்த காட்டை மனிதன் வெட்டியதால் இல்லாததும் ஒன்றாகாது. பழைய வரைபடம் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

ஜெஃப்ரி வின்சென்ட்டோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. கடலிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்களில், மிஞ்சிய காடும் இல்லாமல் போயிருந்தால், ஊருக்குச் சராசரியாக 1.72 உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்றது அது. காடு காப்பாற்றியது உண்மை. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: அரசு விடுத்த முன்னெச்சரிக்கை, காட்டைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியது. இந்த ஆய்வுக்கும் மறுப்பு எழுந்தது. ஆசிரியர்கள் அதே இதழில் பதில் எழுதினார்கள். ஒரு வாதம் வளர்வது அப்படித்தான்.

எனக்கு அந்த இரவில் பெரிய ஆறுதல் கிடைத்தது. எங்கள் கடற்கரையைப் பற்றி கெர் குழுவினர் எழுப்பிய கேள்வி காட்டின் மீது கொண்ட பகை இல்லை என்று அப்போது புரிந்தது. அந்தக் கேள்வி எழுந்ததால்தான், பின்னால் வரும் ஆய்வு ஒவ்வொன்றும் மேட்டையும் தூரத்தையும் அலையின் உயரத்தையும் அளந்தே தீர வேண்டியிருக்கிறது. காட்டை நேசிப்பவர்கள், அந்த நேசத்துக்காகவே, மிகக் கடினமான கேள்வியை முதலில் தாங்களே கேட்க வேண்டும். நாம் கேட்காமல் விட்டதை, காட்டை வெட்ட வருகிறவன் ஒருநாள் கேட்பான். அன்று கையில் பதில் இருக்காது.

அதே கட்டுரை, காட்டை வெட்டி வயலாக்கினால் அந்த நிலத்துக்குக் கிடைக்கும் விலையையும் காடு காத்த உயிர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறது. மற்றப் பலன்கள் எதையும் சேர்க்காவிட்டாலும், உயிர்காப்பு ஒன்றுக்காகவே மிஞ்சிய காட்டை வைத்திருப்பது பொருளாதார அளவில் நியாயம் என்று முடிக்கிறது. இதைக் கேட்டதும் கேரளத்திலிருந்து வந்த பெண் எழுந்துவிட்டாள். உயிருக்கு விலை போடுவது பாவம் இல்லையா என்றாள். பேராசிரியர் கோபப்படவில்லை. “நாம் போடாவிட்டாலும் அரசாங்கம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது” என்றார். “கரைக்கட்டை எங்கே உயர்த்துவது, புயல் பாதுகாப்புக் கட்டடத்தை எந்த ஊரில் கட்டுவது என்று கோப்பில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் ஓர் உயிருக்கு ஒரு விலை போடப்படுகிறது. அதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாத விலை பெரும்பாலும் ஏழையின் உயிருக்குக் குறைவாக இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் அதைப் பற்றிச் சண்டையாவது போடலாம்.” அந்தப் பெண் உட்கார்ந்தாள். சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது ஆகவும் வேண்டாம் என்று எனக்குப் பட்டது. அந்த உறுத்தல் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

மறுநாள் காலை காட்டோர ஊர் ஒன்றுக்குப் போனோம். ஐந்து வாரங்களுக்கு முன்புதான், அக்டோபர் 25 விடிகாலை, ‘டானா’ புயல் பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் நடுவே கரை கடந்திருந்தது. சில கூரைகளில் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. வாழை சாய்ந்து கிடந்தது. ஆனால் மனிதர்கள் இருந்தார்கள். லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தி, புயல் பாதுகாப்புக் கட்டடங்களில் தங்க வைத்திருந்தார்கள். 1999-க்குப் பிறகு ஒடிசா கற்ற பாடம் அது.

ஊரில் ஒரு மூதாட்டியின் திண்ணையில் உட்கார்ந்தோம். ‘மாவுசி’ என்றுதான் இங்கே வயதான பெண்களை அழைக்கிறார்கள், நாம் சித்தி, பெரியம்மா என்பது போல. எங்களில் ஒரு பையன் தாளை விரித்து முதல் கேள்வியைக் கேட்டான். ஒடியா தெரிந்த மாணவி மொழிபெயர்த்தாள்.

“மாவுசி, 1999 புயலில் இந்தக் காடு உங்களைக் காப்பாற்றியதா?”

மாவுசி தயங்கவே இல்லை. ஆமாம், காடுதான் காப்பாற்றியது, காடு எங்கள் தாய் என்றார். பையன் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டான். பேராசிரியர் என்னைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு முந்தைய கிள்ளைத் திண்ணை எனக்கு நினைவுக்கு வந்தது. காட்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தினரின் மனம் கோணாமல் பதில் சொல்வது எந்த ஊரிலும் பண்புதான்.

மட்டக்களப்புப் பெண் தன் தாளை மடித்து வைத்தாள். மொழிபெயர்த்த மாணவியிடம் மெதுவாகச் சொன்னாள்: “அண்டைக்கு ராத்திரி எங்க இருந்தவங்க எண்டு மட்டும் கேளுங்க.”

அதற்கு மாவுசி சொன்ன பதில் அரை மணி நேரம் நீண்டது. முந்தின நாள் ரேடியோவில் சொன்னார்கள். மாமியார் நம்பவில்லை. கணவர் மட்டும் பயந்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஊரிலேயே அதுதான் உயரமான கட்டடம். மாட்டை அவிழ்த்து விடாமல் வந்தோமே என்று மாமியார் இரவெல்லாம் அழுதார். விடிந்து வந்து பார்த்தால் வீட்டின் மண்சுவர் இல்லை. மாடு செத்துக் கிடந்தது. மேற்குத் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு வராத ஒரு குடும்பத்தில் இருவர் இல்லை. இதைச் சொல்லும்போது மாவுசி காட்டின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் முதல் கேள்வி கேட்ட பையன் தன் தாளைக் கிழிக்கப் போனான். பேராசிரியர் தடுத்தார். “கிழிக்காதே. அதை வைத்துக்கொள். பத்து வருடம் கழித்து உன் மாணவர்களுக்குக் காட்டு.”

பிற்பகலில் வேறு வேலை. 2005-இல் வெளியான பதோலா, ஹுசைன் ஆய்வு இந்தப் பகுதியின் மூன்று ஊர்களை ஒப்பிட்டது. காட்டின் நிழலில் இருந்த ஊரில் புயலால் ஒரு குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பு 33 டாலர். காடும் இல்லாமல் கரைக்கட்டும் இல்லாமல் இருந்த ஊரில் 44 டாலர். காடு இல்லாமல் கரைக்கட்டு மட்டும் இருந்த ஊரில் 153 டாலருக்கும் மேல். கரைக்கட்டு இருந்தும் ஏன் இவ்வளவு? கடல் கரையை உடைத்து உள்ளே வந்துவிட்டால், அதே கரை தண்ணீரை வெளியேற விடாமல் தேக்கி வைக்கும். இது ஒரு விளக்கம். ஆனால் தாழ்ந்த, ஆபத்தான ஊர்களில்தானே முதலில் கரை கட்டுவார்கள்? அப்படியென்றால் இழப்புக்குக் காரணம் கரையா, தாழ்வா? மூன்று ஊர்களை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் எதை அளக்க வேண்டும் என்று அந்த மூன்று ஊர்கள் காட்டிக்கொடுத்தன.

அளக்க எங்களிடம் இருந்த கருவி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் ஒளி ஊடுருவும் டியூப். கேந்திரபாடாவில் ஒரு கடையில் இருபது மீட்டர் வாங்கியிருந்தோம். ஒரு முனையைக் கரைக்கட்டின் உச்சியில் ஒருவர் பிடிக்க, மறு முனையை வீட்டு வாசற்படியில் இன்னொருவர் பிடிப்பார். தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளவுநாடாவால் பார்க்க வேண்டும். எட்டாத வீட்டுக்கு இடையில் நிறுத்தி நிறுத்திப் போனோம். செயற்கைக்கோள் தரும் உயர விவரம் இப்படிப்பட்ட தட்டைச் சமவெளியில் ஒரு முழத்தையும் இரண்டு முழத்தையும் பிரித்துக் காட்டாது. அந்த ஒரு முழத்தில்தான் உயிர் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் டியூபைப் பிடிக்கப் போட்டி போட்டார்கள். மாலைக்குள் 23 வீடுகள் முடிந்தன. கணினி முன்னால் ஒரு நொடியில் வந்துவிடும் எண்ணுக்குப் பின்னால் எத்தனை நடை இருக்கிறது என்று எல்லோருடைய காலும் சொன்னது.

மூன்றாம் நாள் ஒரு வருவாய் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பழுப்பேறிய தாளில், 1999 புயலில் இறந்தவர்களின் பெயர்களைக் கையால் எழுதிய பட்டியல். ஊர், பெயர், வயது, உறவு. ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் அமைதியானார்கள். 1.72 என்ற எண் இப்படிப்பட்ட வரிகளிலிருந்துதான் வருகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 72-ஐ எழுதும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும் என்று அங்கே நின்றபோது நினைத்தேன். நடுங்கினாலும் எழுதத்தான் வேண்டும். சரியாக எழுதினால்தான் அடுத்த பட்டியல் சிறிதாகும்.

கடைசி இரவு, ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வுக் கேள்வியை மறுபடி எழுதிப் படித்தார்கள். வந்த அன்று எழுதியதையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நேபாளத்துப் பையன் முதலில், சமூகக் காட்டுத் திட்டம் காட்டைப் பெருக்கியதா என்று கேட்டிருந்தான். இப்போது, எந்தக் கிராமங்களுக்குக் காடு முதலில் கைமாறியது, ஏன் அவற்றுக்கு முதலில் என்று தொடங்கினான். கோஸ்டாரிகாவில் பாதுகாக்கப்பட்ட காடுகளைப் பற்றி 2008-இல் வந்த ஆய்வு அவன் மனதில் இருந்தது. அந்தக் காடுகள் பெரும்பாலும் யாரும் வெட்டப் போகாத செங்குத்தான மலைச்சரிவுகளில் இருந்தன. அதைக் கணக்கில் கொள்ளாத வழக்கமான முறைகள், பாதுகாப்பால் தப்பிய காட்டை 65 சதவீதத்துக்கும் மேல் கூட்டிக் காட்டின.

மட்டக்களப்புப் பெண் கடைசியாக எழுந்தாள். அவளுடைய பழைய தாளில், கண்டல் மக்களைக் காப்பாற்றுகிறது என்று நிறுவுதல் என்றிருந்தது. புதிய தாளை வாசித்தாள். டானாவில் எல்லோரையும் முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் உயிரிழப்பை வைத்துக் காட்டின் பலனை இனி அளக்க முடியாது. அது நல்ல செய்தி. ஆகவே இனி வீட்டையும் பயிரையும் கிணற்று நீரையும் அளக்க வேண்டும். அப்புறப்படுத்த முடிந்தது மனிதர்களைத்தான், கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கண்டல் உள்ள வாவிக்கரையிலும் அழிந்த வாவிக்கரையிலும் உப்பு ஏறிய கிணறுகள் எத்தனை? நிலத்தின் உயரம் என்ன? பழைய வரைபடத்தில் கண்டல் எங்கே இருந்தது?

வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்: “கண்டலால பிரயோசனம் இல்ல எண்டு வந்தா என்ன செய்யிறது, மிஸ்?”

“அப்படி வந்தால் அதையும் எழுது” என்றேன். “பிறகு உன் ஊருக்கு எது பிரயோசனம் என்று தேடு. காப்பாற்ற வேண்டியது ஊரைத்தானே?”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, எனக்கே நான் சொல்லிக்கொண்ட பதில் அது.

திரும்பும் ரயிலில் நம் கல்லூரிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் மாணவர்கள் சூத்திரத்தை நன்றாகப் போடுவார்கள். ஆனால் ஒரு திண்ணையில் உட்கார்ந்து எதைக் கேட்கக்கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. ஒரு நல்ல ஆய்வாளரை உருவாக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. சில வருடப் பொறுமை, சிறிய நிதி, தவறைச் சுட்டிக்காட்ட அன்புள்ள நான்கு பெரியவர்கள், கிழிக்காமல் பத்திரப்படுத்திய ஒரு தவறான கேள்வித்தாள், இவை போதும். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் மரம் நடுகிறோம், கரை கட்டுகிறோம், கல் கொட்டுகிறோம். எது பலன் தந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் பத்துப் பேராவது வேண்டும்.

டிசம்பர் 26. சுனாமியின் இருபதாம் ஆண்டு. காலையில் கடற்கரையில் பூத்தூவி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, என் மாணவர்கள் ஆறு பேரோடு கிள்ளைப் பக்கம் போனேன். சிதம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய இருபது மீட்டர் டியூப் கையில் இருந்தது. அன்று என் கையைப் பிடித்த அம்மா இப்போது இல்லை. அவர் மகன், வலை பின்னிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

“எதுக்கும்மா இது?”

“உங்க வீடு எவ்வளவு மேட்டுல இருக்குன்னு பாக்கணும்ணே.”

அவர் காட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசற்படியைப் பார்த்தார். “மேடுதாம்மா” என்றார். “எங்கம்மா எப்பவும் காட்டதான் சொல்லும். எங்கப்பா சொல்லுவாரு, பாட்டன் காலத்துல வண்டி வண்டியா மண்ணடிச்சு ஒசத்துன எடம் இதுன்னு.”

இருபது வருடத்தில் நான் கேட்காத கேள்வி அது. டியூபின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். படியோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு நான் காட்டுப் பக்கம் நடந்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி அலைந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தோம்.